பாட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு கேட்டு நாலு வரியும், மளிகைக் கடைக்குத் துண்டுச் சீட்டும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். அப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கைவந்தது, யாரோ தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பது ஒன்றுதான்.

பெருமாநல்லூர் போகிற ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஆல்டர் டெய்லர். அது என்ன வேலை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தைத்து முடித்த டீ-சர்ட்டெல்லாம் முதலில் செக்கிங் மேஜைக்குப் போகும். அங்கே பெண்கள் நின்றபடியே ஒவ்வொரு பீஸையும் விரித்து, திருப்பி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்கள். எங்காவது தையல் விட்டுப்போயிருந்தால், மடிப்பு கோணியிருந்தால், அந்த இடத்துக்கு நேராக நகம் அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் போடுவார்கள். கூடை என்னிடம் வரும். அம்பு காட்டுகிற இடத்தைப் பார்த்துப் பிரித்துத் தைத்து, ஸ்டிக்கரை உரித்து என் மிஷின் மேஜையின் காலில் ஒட்டிவிடுவேன். ஒட்டி ஒட்டி அந்தக் கால் மீன் செதில் முளைத்த மாதிரி சிவந்து கிடக்கிறது. திருத்திய பீஸ் மறுபடி செக்கிங்குக்கே போகும். அதற்கு ரீசெக் என்று பெயர். அம்பு ஒட்டியவரே பார்த்தால் நல்லது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

இனிமேல் தேறாது என்கிற பீஸுக்கு யாரும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். அது நேராக டேமேஜ் மூட்டைக்குப் போய்விடும். குறையில்லாத பீஸிலும் ஒன்றும் இருக்காது. திருத்தினால் நன்றாகிவிடும் என்பதற்கு மட்டும்தான் அம்பு.

என் மிஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். பேச்சு வராத எனக்கு அது வசதி. முதுகுக்குப் பின்னால் அத்தனை மிஷின்களும் ஓடுகிற சத்தம், ஓட்டுக்கூரையில் விடாமல் மழை பெய்வதைப் போல இருக்கும். அந்த மழைக்குள் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அப்படி முணுமுணுக்க ஆரம்பித்ததுதான் என் பாட்டு. பிறகு சாப்பாட்டு நேரத்தில் துணி குடோனுக்குள் போய்ப் பாடப் பழகினேன். அங்கே துணி ரோல்களைக் கூரை தொட அடுக்கியிருப்பார்கள். ஆவியில் அழுத்தி எடுத்துக் காலையில் வந்த ரோல்களில் சூடு மிச்சமிருக்கும். சாய்ந்து உட்கார்ந்தால் ஒரு மாட்டின் வயிற்றில் முதுகை வைத்த மாதிரி இருக்கும். அந்தச் சந்துக்குள் குரல் எங்கும் மோதித் திரும்பி வராது. துணி அதை மெதுவாகக் குடித்துக்கொள்ளும். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வரும் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டே இருக்கும், கீழே விழாமல். எனக்கும் அந்த நேரத்தில் எடை இல்லாதது போலத்தான் தோன்றும்.

வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்த என் மகள் ஒருமுறை வந்திருந்தபோது என் போனில் ஒரு பாட்டு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள்.

“வேண்டாங் கண்ணு. ஊரே கேக்கும்.”

“உன்ற மொகம் தெரியாதும்மா. படம் ஏதாச்சும் வச்சுக்கலாம். பேரும் வேண்டாம். என்ன படம் வக்கட்டும், ரோஜாவா, மயிலா?”

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் கண்ணில் பட்டது தையலுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளை நூல் கோன். அதைப் படம் எடுத்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த உலகத்தில் நான் ஒரு நூல் கோன்.

அந்த ஆப்பில் ஒரு பாட்டைப் பாதி மட்டும் பாடி விட்டுவிடலாம். மீதிப் பாதியில் வெறும் இசை ஓடும். எங்கோ, எந்த ஊரிலோ ஒருவர் அதைக் கேட்டு, அந்தக் காலி இடத்தில் தன் குரலை வைப்பார். மறுநாள் போனைத் திறந்தால் நாம் பாடி நிறுத்திய இடத்தில் முன்பின் தெரியாத ஒரு குரல் எழுந்து வரும். முதன்முதலில் அதைக் கேட்டபோது நான் குடோனில் தனியாகப் பாடிய அதே மூச்சோடு மூச்சாக இன்னொருவர் பக்கத்தில் நின்று பாடுவதைப் போல இருந்தது. இருவரும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை, ஒரே நேரத்திலும் இல்லை. ஆனால் பாட்டுக்குள் இருந்தோம்.

அப்படி நான் விட்ட பாதியை முதலில் நிரப்பியவர் ரோஜாப் படம் வைத்திருந்த ஓர் அக்கா. துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வேலைக்குப் போகிற பஸ்ஸிலும், துணி துவைக்கிற இடத்திலும் பாடுவார். அவர் குரலில் ஒரு ஈரம் இருக்கும். சுருதி அங்கங்கே நழுவும், ஆனால் நழுவியதைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். என்னைத் “தங்கச்சி” என்றுதான் கூப்பிடுவார். எனக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவோடு வெளியூரில் இருந்தார். அந்த நாட்களில் தினமும் அக்காவின் குரல் வந்துவிடும். “தங்கச்சி, கஞ்சி குடிச்சியா? குடிச்சேன்னு சொல்லு, கேட்டுட்டுத்தான் டூட்டிக்குப் போவேன்.” நான் “குடிச்சனுங்க்கா” என்று ஒரு வார்த்தை அனுப்புவேன். கடல் தாண்டி ஒருவர் அந்த ஒரு வார்த்தைக்காகப் படியில் நின்றுகொண்டிருந்தார் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு இளகுகிறது.

அக்கா ஒரு குடும்பம் வைத்திருந்தார். அந்த ஆப்பில் ஒருவரோடு ஒருவர் பழகிச் சேர்ந்த குழுவுக்குக் குடும்பம் என்றுதான் பெயர். அதில் லாரிப் படம் வைத்த ஒரு தம்பி, மயில் படம், கடல் படம் என்று முகம் தெரியாத பலர். யார் பாடினாலும் மற்றவர்கள் போய்ப் பாட்டுக்குக் கீழே பூப் படம் வைக்க வேண்டும், “அருமை”, “தேன்” என்று எழுத வேண்டும். யாராவது ஒருவரைக் குறை சொன்னால் குடும்பமே சேர்ந்து அந்த ஆளை பிளாக் செய்துவிடும். இது யாரும் எழுதி வைக்காத சட்டம். என் பாட்டுக்குக் கீழே பூக்கள் குவியும். நானும் எல்லோருக்கும் போய் வைப்பேன். கோயிலில் வரிசையாக எல்லாச் சாமிக்கும் பூ வைத்துக்கொண்டு போவது மாதிரி, சில நேரம் பாட்டைக் கேட்காமலே.

ஒரு நாள் மதியம் குடோனில் போனைத் திறந்தேன். பூக்களுக்கு நடுவில் ஒரு சிவப்பு அம்பு. பக்கத்தில் பாட்டில் ஓர் இடத்தைக் குறிக்கும் நேரம். வேறு ஒரு எழுத்துகூட இல்லை. அனுப்பியவரின் படத்தில் முகமில்லை, பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு கம்பி ஜன்னல் மட்டும்.

எனக்குக் கோபம் வரவில்லை. கை தானாக அந்த இடத்துக்குப் போனது. நாள் முழுக்க அம்பைக் கண்டால் அது காட்டும் இடத்தைப் பார்க்கிற கை அது. அந்த இடத்தை ஓடவிட்டுக் கேட்டேன். மூன்றாவது முறைதான் தெரிந்தது. ஒரு வார்த்தையின் நடுவில் நான் மூச்சு எடுத்திருக்கிறேன். வார்த்தை இரண்டாக உடைந்து, இடையில் ஒரு சின்னப் பொத்தல். இத்தனை நாள் எத்தனையோ பேர் கேட்டுப் பூ வைத்த பாட்டு அது. நானே நூறு தடவை கேட்டிருப்பேன். ஒருவர் காதிலும் படாதது இந்த ஜன்னலின் காதில் பட்டிருக்கிறது.

செக்கிங்கில் இருக்கிற ஒரு பெண் என்னோடு ஒன்றாகச் சாப்பிடுவாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவளிடம் காட்டினேன்.

போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “எக்கா, இது எங்காளு. எவளோ ஒரு செக்கிங்காரிதான் ஒட்டிருக்கா.”

“பாட்டுக்கு எதுக்கு ஒட்டுறா?”

“கை சும்மா இருக்காதுல்லா. நான் கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பொண்ணு சேலையில எங்க நூல் தொங்குதுன்னுதான் பாக்கேன். நீங்க வேற கோன் படத்த வச்சிருக்கிய. நம்ம ஊருக்காரின்னு கண்டுகிட்டா.”

“நீதானா அது?”

“நல்லாக் கேட்டிய. எம் போனுக்குப் பாதி டிஸ்பிளேதான் தெரியும். பாட்டு கேட்டா மீதியும் போயிரும்.” ஊறுகாயை என் டப்பாவில் வைத்தாள். “ஆனா ஒண்ணுக்கா. பிடிக்காத பீஸுக்கு மெனக்கெட்டு அம்பு ஒட்ட மாட்டா. தூரப் போட்டுட்டுப் போயிருவா.”

அந்தப் பாட்டைத் திரும்பப் பாடிப் போட்டேன். கேட்டவர்கள் வரிசையில் பச்சை ஜன்னல் இருந்தது. அம்பும் இல்லை, பூவும் இல்லை, ஒன்றுமே இல்லை. அன்று சாயந்திரம் வரை என் கால் தரையில் படவில்லை. ஒன்றும் ஒட்டாமல் திரும்பி வந்தால்தானே அது பாஸ்.

பிறகு அடிக்கடி அம்பு வரும். ஓர் அம்பு, நான் கடைசி எழுத்தை விழுங்கிய இடத்தில். ஓர் அம்பு, வீட்டில் பாடிய பாட்டில் பின்னால் டக்டக்கென்று உளிச் சத்தம் கேட்ட இடத்தில். நாங்கள் குடியிருப்பது திருமுருகன்பூண்டியில், சிலைப் பட்டறைகளுக்குப் பின்புறம். அந்தச் சத்தம் எங்கள் காதுக்குக் கேட்டே பல காலமாகிவிட்டது. அம்பு ஒட்டிய பிறகுதான் அது மறுபடி கேட்டது. வீட்டு ஜன்னலை மூடிவிட்டு நின்றபோது, நாம் கேட்காமல் விட்ட சத்தங்களையெல்லாம் யாரோ எங்கோ இருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது.

பச்சை ஜன்னல் ஒருநாளும் பாடியதில்லை. ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நானும் எதுவும் எழுதவில்லை. எழுத வராது எனக்கு. ஆனால் காலையில் பஸ்ஸில் போகும்போது வழியில் உள்ள கம்பெனிகளின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போவேன். பச்சைக் கம்பி எத்தனையோ ஜன்னல்களில் இருந்தது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒருவர் நின்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலிருக்கும். பூண்டியில் ரோட்டோரம் சிலைகள் வரிசையாக நிற்கும், உடம்பு முடிந்து, கண் மட்டும் இன்னும் திறக்காமல். போனுக்குள் எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். முகம் இல்லாமல் வாயும் காதும் மட்டும் செதுக்கி வைத்தவர்கள். அந்த நினைப்பிலேயே கண்ணயர்ந்து ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போயும் இருக்கிறேன்.

தகராறு ஒரு ஜோடிப் பாட்டில் வந்தது. நான் விட்ட பாதியை ரோஜா அக்கா நிரப்பியிருந்தார். நல்ல நீளமான பாட்டு. அவர் ஆசையாகப் பாடியிருந்தார். கீழே பச்சை ஜன்னல் வரிசையாக அம்புகளை ஒட்டியிருந்தது, ஒன்றைத் தவிர எல்லாம் அக்காவின் பகுதியில்.

அக்கா எழுதினார்: “யார் நீ? தைரியம் இருந்தா நீ பாடிக் காட்டு.”

ஜன்னல் பதில் சொல்லவில்லை. குடும்பம் வந்தது. முதலில் “எங்க அக்காவைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை” என்று ஆரம்பித்தார்கள். போகப் போக நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள். தினமும் “தேன்”, “அமுதம்” என்று எழுதுகிற அதே படங்கள், அதே மயில், அதே கடல். நான் குடோனில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன். முதுகுக்குப் பின்னால் ரோல் ஆறிப் போயிருந்தது.

அக்காவிடமிருந்து குரல் வந்தது. அழுதுவிட்டுப் பேசுகிற குரல். “தங்கச்சி, பதினாலு மணி நேரம் நின்னு தரை தொடச்சிட்டு வந்து பாடுறேன். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். அதுல வந்து குத்திக் குத்திக் காட்டிட்டுப் போறான். எல்லாரும் அவனை பிளாக் பண்ணியாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி. பண்ணிட்டுச் சொல்லு.”

எனக்கு அக்காவின் வலி புரிந்தது. அம்பு என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? குத்துகிற ஒன்று என்றுதான் தெரியும். அதே நேரம் ஜன்னல் என்ன செய்தது என்றும் புரிந்தது. அக்காவின் பாட்டையும் அது திருத்தினால் தேறும் என்று எடுத்து வைத்திருக்கிறது. இவ்வளவு தூரம் ஊன்றி அக்காவின் குரலை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பூ வைத்தவர்களில் பாதிப் பேர் கேட்காமலே வைத்தவர்கள். எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தி.

பிளாக் என்கிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். அழுத்தினால் ஜன்னல் போய்விடும். அழுத்தாவிட்டால் அக்கா போய்விடுவார். விரலை எடுத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் போட்ட பாட்டுகளில் அம்பு இல்லை. கேட்டவர்கள் வரிசையில் ஜன்னலும் இல்லை. ஒன்றும் ஒட்டாமல் இருந்தது, ஆனால் அது பாஸ் இல்லை. யாரும் பார்க்காமல் மூட்டையாகக் கட்டி அனுப்பிய துணி மாதிரி இருந்தது. தைக்கும்போது பிரித்த இடத்தையே இரண்டு முறை பிரித்தேன்.

“ஏம்புள்ள, பேயறஞ்ச மாதிரி இருக்கற?” என்றார் வீட்டுக்காரர், சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

நான் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்த ஜன்னல் ஆரு?” என்றார்.

“தெரியாதுங்.”

“ரோஜா?”

“நேர்ல பாத்ததில்லீங்.”

“ரெண்டு பேரையும் பாத்ததில்ல. அதுக்கா ரசத்துல உப்புப் போடாம உட்டுட்ட?” உப்பு டப்பாவை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக்கா கிட்டச் சொல்றதுதானே, அம்புன்னா இன்னதுன்னு” என்றார்.

“எனக்குப் பேச வராதுங்.”

“பாட வருதல்ல. அதே வாய்தான்.”

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் குடும்பம் கூடும். ஆப்பில் ஓர் அறை மாதிரி இருக்கும். எல்லாருடைய படமும் வட்டமாக நிற்கும், பேசுகிறவரின் படத்தைச் சுற்றி மட்டும் ஒரு வெளிச்சம் வரும். நான் எப்போதும் போய்க் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். என் நூல் கோனைச் சுற்றி ஒருநாளும் வெளிச்சம் வந்ததில்லை. அன்று மைக் படத்தை அழுத்தினேன்.

“அக்காங், நான் ஒண்ணு சொல்லலாங்களா?”

“யாரு, தங்கச்சியா?” ரோஜாவைச் சுற்றி வெளிச்சம் வந்தது. “ஏய், எல்லாரும் அமைதி. என் தங்கச்சி பேசுது பாருங்க. சொல்லும்மா.”

அவ்வளவு சந்தோஷமாக அவர் கேட்டது எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

“அந்த அம்பு பத்திங்க்கா. நான் பனியன் கம்பெனியில வேல செய்யறனுங்க. எங்க கம்பெனியில அம்பு ஒட்டுனா திட்டுறது இல்லீங்க. ஆகாத பீஸுன்னா ஆரும் ஒட்ட மாட்டாங்க, தூக்கிப் போட்டுருவாங்க. கொஞ்சம் திருத்துனா நல்லா வந்துரும்னு இருக்கறதுக்குத்தான் ஒட்டுவாங்க. தைக்கறவ தேடிட்டுத் திரியக் கூடாதுன்னு, இங்கதான்னு காட்டிக் குடுக்கறதுங்க அது. அவங்களும் இந்த ஊருக்காரங்கதான்னு நினைக்கறனுங்க. நான் பிளாக் பண்ணலீங்க்கா.”

எந்தப் படத்தைச் சுற்றியும் வெளிச்சம் இல்லை. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு குளத்தைச் சுற்றி இருட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

லாரித் தம்பிதான் முதலில் பேசினான். “அப்ப எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒட்டணும் போலயே.”

இரண்டு பேர் சிரித்தார்கள். ரோஜா சிரிக்கவில்லை.

“அப்ப நாங்க வச்ச பூவெல்லாம் என்ன தங்கச்சி? பொய்யா?”

“பொய் இல்லீங்க்கா. காச்சல்ல கெடந்தப்ப நீங்க கேட்டதுலதானுங்க நான் எந்திரிச்சேன். அது வேறைங்க. எனக்கு ரெண்டும் வேணுங்க.”

“எனக்கு வேண்டாம்மா.” அக்காவின் குரல் தணிந்துதான் இருந்தது. “நாள் பூரா சூப்பர்வைசர் அங்க அழுக்கு இங்க அழுக்குன்னு கை நீட்டிக் காட்டிட்டுத்தான் இருக்கான். இங்கேயும் ஒருத்தர் வந்து காட்ட வேண்டாம். உனக்கு அது நல்லதாத் தெரியுது. எனக்கு அதைப் பாத்தா வேலைதான் ஞாபகம் வருது.”

நான் அதை யோசித்ததே இல்லை. இரண்டு பேரும் நாள் முழுக்க இன்னொருவர் காட்டுகிற இடத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள்தான். எனக்கு அந்த விரல் துணையாக இருந்திருக்கிறது. அவருக்கு அதே விரல் பாரமாக இருந்திருக்கிறது. “சரிங்க்கா” என்றேன்.

“நல்லா இரு தங்கச்சி. மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்க்காம இருந்துடாத.” வட்டத்தில் ரோஜா இருந்த இடம் காலியானது. பின்னாலேயே மயில், கடல், ஒவ்வொருவராகப் போனார்கள். லாரித் தம்பி மட்டும் கொஞ்ச நேரம் நின்றான். “நீங்க பேசுவீங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா” என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான்.

வெளியே உளிச் சத்தம் நின்றிருந்தது. ஞாயிறு என்பதால் பட்டறையைச் சீக்கிரம் மூடியிருந்தார்கள். போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. என் குரலை நான் முதல்முறையாக வெளியில் கேட்ட மாதிரி காதுக்குள் ஓர் அதிர்வு மட்டும் இருந்தது.

பச்சை ஜன்னலைக் கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? பேர் தெரியாது. தனியாக எழுதினால் என்னவென்று எழுதுவது? அப்போதுதான் அந்த ஜோடிப் பாட்டில் அம்பு ஒன்று என் பகுதியிலும் இருந்தது ஞாபகம் வந்தது. சண்டையில் அதை நான் பார்க்கவே இல்லை. போய்க் கேட்டேன். ஓர் இழுப்பின் முடிவில் குரல் சன்னமாகக் கீழே இறங்கியிருந்தது.

திருத்தினேன். வீட்டில் குடோன் இல்லை. பீரோவைத் திறந்து, மடித்து அடுக்கிய புடவைகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பாடினேன். நாப்தலின் வாசமும் பழைய பட்டு வாசமும் வந்தது. குரல் துணிக்குள் போய்த் திரும்பாமல் தங்கியது. பட்டுப் புடவைக்கு அப்பால், எங்கோ ஒரு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அது வெளியே வரும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடுகிறவளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வெளியே போய்விட்டார்.

என் பாதியை மட்டும் பாடினேன். மறு பாதியைத் திறந்தே விட்டேன். மேலே ஏதாவது எழுத வேண்டும் என்று ஆப் கேட்டது. மற்றவர்கள் அங்கே கவிதை எழுதுவார்கள். நான் இப்படி எழுதினேன்: “ஆல்டர் பார்த்தாச்சு. ரீசெக்குக்கு அனுப்புகிறேன்.”

உலகத்தில் யாருக்கும் அது புரியாது. புரிய வேண்டியவருக்குப் புரிந்தால் போதும் என்று போனை அணைத்து வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு பஸ் ஏறிப் போனைத் திறந்தேன். பாட்டுக்குக் கீழே பூ எதுவும் இல்லை. அதே இழுப்பு முடிகிற இடத்தில் பச்சை ஜன்னலின் சிவப்பு அம்பு ஒன்று இருந்தது. ரோஜா அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மதியம் குடோனுக்குப் போய் அந்த இடத்தைத் திரும்பப் பாடினேன்.